ஒரு லென்ஸ் போதும், மக்கா!

லீவு விட்டதும் கேமராவைத் தூக்கிக்கொண்டு மணப்பாடு, முயல் தீவு என்று கிளம்பும் நம்ம பசங்களுக்கு ஒரு வார்த்தை. மூட்டை மூட்டையாய் லென்ஸ் எதற்கு? 50 எம்.எம். ஒன்று போதும். சென்சார் சின்னது (ஏ.பி.எஸ்.-சி) என்றால் 35.

1948-ல் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தைப் படமெடுத்த ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸான், பெரும்பாலும் 50 எம்.எம். லென்ஸோடுதான் உலகம் சுற்றினார். அதோடு, உப்பும் மணலும் பறக்கும் நம்ம கடற்காற்றில் லென்ஸைக் கழற்றிக் கழற்றி மாட்டினால் சென்சாரில் தூசிதான் சேரும்.

முக்கியக் காரணம் வேறு. உப்பளத்து வெயிலில் நிற்கும் அக்காவை 200 எம்.எம். ஜூமில் தூர நின்றே பிடித்துவிடலாம். அவருக்குத் தெரியவே தெரியாது. 50-ல் அது நடக்காது. கிட்டப் போகணும். ‘அக்கா, ஒரு போட்டோ எடுக்கட்டுமா?’ என்று கேட்கணும். ‘வேண்டாம்யா’ என்றால் திரும்பி வரணும். நம்மில் சிலருடைய அம்மாவும் உப்பு வாரியவர்தானே!

‘நடுக்கடல் கப்பல் புள்ளியாய் விழுமே?’ விழட்டும், அதைக் கண்ணால் பார்த்துக்கொள்வோம்.

நம் கரையில் அன்று முத்துக்குளித்தவர்கள் ஒரு கல்லும் கயிறும் பையுமாகத்தான் கடலின் அடிவரை போனார்கள். நாம் பத்தடி கிட்டப் போகக் கூடாதா?