அம்மா வீட்டு பால்கனிக்குக் கண்ணாடிப் பெட்டி எதற்கு?

பதிவு கொஞ்சம் நீளம். என் வகுப்பில் 45 நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். ஒருவர் டொரண்டோவில், ஒருவர் நியூ ஜெர்சியில், மூன்றாவது ஆள் என் தங்கை மகன். "சார்" என்பதும் "மாமா" என்பதும்தான் வித்தியாசம். "ஊர்ல அம்மா ஆர்க்கிட் வளர்க்கிறாங்க. மடிப்பாக்கத்துல பழைய கண்ணாடி ஷோகேஸ் ஒண்ணு விலைக்கு வருது. விளக்கு, ஈரப்புகை விடுற மெஷின் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். வாங்கிக் கொடுக்கலாமா?"

கூடாது. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

உங்கள் வீட்டில் அந்தப் பெட்டி இருப்பது எனக்குத் தெரியும். அங்கே அது நியாயம். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுகிற வீட்டில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். உதடு வெடிக்கிற காற்றில் ஆர்க்கிட் வேர் என்ன செய்யும்? அதற்கு ஒரு கூடு வேண்டும்தான். ஆனால் அம்மா இருப்பது சென்னையில். இங்கே வருடத்தின் பெரும்பகுதி ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல். உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் கட்டி தட்டிவிடுகிற ஊரில் ஈரப்புகை மெஷினுக்குப் பணம் கொடுப்பதா?

இந்தப் பெட்டி எதற்காகப் பிறந்தது என்று பாருங்கள். லண்டனில் நதானியேல் வார்டு என்று ஒரு மருத்துவர். நிலக்கரிப் புகையில் அவர் வளர்த்த பெரணிகள் செத்துக்கொண்டே இருந்தன. 1829இல் ஒரு அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவை மூடிய பாட்டிலில் மண்ணோடு வைத்திருந்தார். பூச்சியைப் பார்க்கப் போனவர், பாட்டிலுக்குள் பெரணி முளைத்திருப்பதைப் பார்த்தார். 1833இல் அதே முறையில் மூடிய பெட்டிகளில் செடிகளை சிட்னிக்குக் கப்பலில் அனுப்பினார்; உயிரோடு போய்ச் சேர்ந்தன. அருமையான கண்டுபிடிப்பு, மறுக்கவில்லை. ஆனால் அது லண்டன் புகைக்கும் கடலின் உப்புக் காற்றுக்கும் சொன்ன பதில். தாம்பரத்து பால்கனி அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லையே!

ஆர்க்கிட் பெரும்பாலும் மரத்தில் தொற்றி வளர்வது. வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற உறை ஒன்று இருக்கும். மழை பெய்தால் குடித்துப் பச்சையாகும், காற்றடித்தால் காய்ந்து வெள்ளி நிறமாகும். நனைவதைப் போலவே காய்வதும் அதற்கு வேண்டும். காற்று அசையாத பெட்டிக்குள் வேர் காயவே காயாது. முதலில் வேர் அழுகும், பிறகு இலை அடியில் கண்ணாடி போல ஒரு ஈரப்புள்ளி வரும், அடுத்த சில நாளில் செடி கூழாகிவிடும். அம்மாக்கள் என்ன நினைப்பார்கள் தெரியுமா? "என் கை ராசியில்லை" என்று. ராசி இல்லாதது பெட்டிக்கு.

சூடு இன்னொரு சங்கதி. கடைகளில் விற்கிற ஃபெலனாப்சிஸ் பூக்காம்பு விட, இரவில் 25 டிகிரிக்குக் கீழே சில வாரமாவது இருக்க வேண்டும். சென்னையில் அந்தக் குளிர்ச்சி கிடைப்பதே குளிர்காலத்தை ஒட்டிய மாதங்களில்தான். அப்போதும் செடியைக் கண்ணாடிக்குள் பூட்டி, விளக்கும் போட்டால் எப்படிப் பூக்கும்?

பழைய பெட்டிகள் இங்கே ஏன் இத்தனை விலைக்கு வருகின்றன என்று ஒருவராவது யோசித்தீர்களா? விற்கிறவரிடம் "உள்ளே இருந்த செடி எங்கே?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கணக்கும் போடுங்கள். 150 செ.மீ. உயரம், 80 அகலம், 40 ஆழம், மூன்று தட்டு. எல்லாம் 5 மி.மீ. கண்ணாடி என்றால் ஒரு சதுர மீட்டர் பன்னிரண்டரை கிலோ. மொத்தம் 5.2 சதுர மீட்டர், 65 கிலோ. எழுபது வயது அம்மா தரை துடைக்க அதை நகர்த்துவாரா? போர் தண்ணீரை ஊற்றினால் புகை மெஷின் கண்ணாடி முழுக்க வெள்ளைப் படலம் போடும், அதைத் துடைப்பது யார்? எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் மின்சாரம். யாரோ எப்போதோ ஒட்டிய பழைய ஒயர், எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சொட்டுகிற ஈரம், ஈரக் கையோடு தனியாக இருக்கிற மனுஷி. இதைப் பரிசு என்று சொல்லாதீர்கள்.

குளிர் நாட்டில் இருப்பவர்கள் உங்களுக்கென்று தாராளமாகப் பழைய பெட்டி வாங்குங்கள், புதிதுக்குக் காசை இறைக்க வேண்டாம். மரத்தூள் பலகை இருந்தால் அடியில் விரலால் அழுத்துங்கள், உப்பியிருந்தால் விட்டுவிடுங்கள். மூலைகளிலும் ரப்பர் இடுக்கிலும் மாவுப்பூச்சி, செதில்பூச்சி ஒளிந்திருக்கும். சோப்பு போட்டுக் கழுவி, பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து துடைத்து, அலசி நன்றாகக் காய வையுங்கள். கூடவே கழிப்பறை ஆசிட்டைச் சேர்க்கிற வீரம் வேண்டாம், விஷவாயு வரும். ஒயரும் விளக்கும் புதிது. சின்ன விசிறி கட்டாயம்.

அம்மாவுக்கு? மரச்சட்டக் கூடை நான்கு, மரக்கரி, ஓட்டுச் சில்லு, பால்கனிக்கு 50 சதவீத நிழல்வலை. காலை வெயில் படுகிற பக்கம் தொங்கவிட்டு, காலையில் தண்ணீர். டென்ட்ரோபியமும் வாண்டாவும் இந்த ஊருக்குப் பழகியவை, அவற்றை வாங்கிக் கொடுங்கள். கூடையை இடுப்பு உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள், ஸ்டூல் மேல் ஏற வேண்டாம்.

"அம்மாவே கேட்டாங்க சார்" என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்பார்கள். வீடியோ காலில் உங்கள் பெட்டியைப் பார்த்து, பிள்ளை வைத்திருப்பது நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைப்பார்கள். நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

தங்கை மகன் மட்டும் 2,000 முன்பணம் கொடுத்துவிட்டானாம். போகட்டும், மீதி 16,000 கையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மூன்று பேரும் அம்மாவிடம் செடியின் வேரைக் கேமராவில் காட்டச் சொல்லுங்கள். வெள்ளியா, பச்சையா, பழுப்பா என்று கீழே எழுதுங்கள். பழுப்பு என்றால் உடனே எனக்கு போன் செய்யுங்கள்.