ஹ்யூம் துரை கண்ட பக்ஷி

காங்கிரஸ் மகாசபையின் பிறப்பில் பெரும் பங்கு கொண்ட ஏ. ஓ. ஹ்யூமின் பெயர் 1885-ஆம் வருஷத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்பே அவர் இன்னொரு நற்காரியம் செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. அந்தமான் கடலில் தன்னந்தனியே நிற்கும் நார்கொண்டாம் தீவில், உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் இருவாட்சிப் பறவையைக் கண்டு, 1873-இல் அதைச் சாஸ்திர உலகுக்கு அறிமுகப்படுத்தினார். மகாசபைக்குக் கிட்டிய புகழ் அந்தப் பக்ஷிக்குக் கிட்டவில்லை. ஆகவே, இந்த வாரம் அதன் வக்கீலாக நாம் ஆஜராகிறோம்.

‘நரக குண்டம்’ என்ற சொல்லே நார்கொண்டாம் என்று திரிந்தது என்பாருண்டு. அங்கே இருப்பது உறங்கும் எரிமலை. ஆகையால் பெயர் பொருந்தாமலும் இல்லை. ஆனால் இன்று அந்தக் குண்டத்தில் நெருப்பில்லை. பச்சைக் காடுதான் இருக்கிறது. தீவின் பரப்பு ஏழு சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்குள்ளேயே 710 மீட்டர் உயரத்துக்கு மலை எழும்பி நிற்கிறது. வட அந்தமானுக்குக் கிழக்கே சுமார் 130 கிலோமீட்டர். போர்ட் பிளேரிலிருந்து கணக்கிட்டால் 250 கிலோமீட்டருக்கு மேல்.

நினைத்தவுடன் போய் வரக்கூடிய இடமல்ல அது. 1977 முதல் வனவிலங்குச் சரணாலயம்; சர்க்காரின் அனுமதி இல்லாமல் கரையில் கால் வைக்கலாகாது. அனுமதி பெற்றவரும் நெடுநேரம் கடலில் ஆடியசைந்துதான் சேர வேண்டும். ஆனால் கரை ஏறியவருக்குப் பெரிய சாகசம் எதுவும் தேவையில்லை. பழுத்த அத்தி மரமொன்றின் அருகே ஓசையின்றி உட்கார்ந்திருக்கத் தெரிந்தால் போதும். முதலில் சிறகடிக்கும் ஓசை கேட்கும். பிறகே பறவை தெரியும். ஆணுக்குத் தலையும் கழுத்தும் செம்பழுப்பு. பெண்ணுக்கு அவையும் கறுப்பு. இரண்டுக்கும் வால் வெள்ளை.

இப்பறவைகளின் இல்லறம் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, எச்சத்தையும் பழச் சக்கையையும் கொண்டு வாயிலைப் பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் சிறு பிளவு மட்டும் மிஞ்சும். மாதக்கணக்கில் அதற்கும், பிறகு குஞ்சுக்கும், அந்தப் பிளவு வழியே பழம் ஊட்டுவது ஆணின் பொறுப்பு. தின்ற பழங்களின் விதைகளைத் தீவெங்கும் தூவிக் காட்டை வளர்ப்பதும் இப்பறவைகளே. காடு பறவைக்குச் சோறு போடுகிறது. பறவை காட்டுக்குப் பயிர் செய்கிறது. எந்தப் பொருளாதார நிபுணரும் குறை சொல்ல முடியாத ஏற்பாடு!

இந்தக் குடித்தனம் முழுவதும் ஒரே தீவை நம்பி நடக்கிறது என்பதுதான் கவலை. 2020-ஐ ஒட்டி நடந்த ஆராய்ச்சியொன்று இவற்றின் எண்ணிக்கையை ஏறக்குறைய 1,000 என்று மதிப்பிட்டது. நம்மூர்க் கல்யாணம் ஒன்றுக்கு வரும் கூட்டம் அவ்வளவு இருக்கும். ஒரு காலத்தில் காவல் முகாமுக்காகக் கொண்டுவந்த ஆடுகள் பெருகி, இளஞ்செடிகளை மேய்ந்து தீர்த்தன. பிற்பாடு அவை அகற்றப்பட்டன. பிறகு கடலோரக் காவலுக்கு ராடார் நிறுவும் யோசனை வந்தது. 2012-இல் சுற்றுச்சூழல் அமைச்சு அதை மறுத்தது. 2014-இல் ஆட்சி மாறிய பின் இசைவு அளித்தது.

தேசத்தின் எல்லையைக் காக்க வேண்டாமென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் எல்லை என்பது வெறும் கோடல்ல. அதற்குள் வாழும் உயிர்களும் சேர்ந்ததே தேசம். ராடாருக்கு வேறு இடம் தேடலாம், கப்பலில் ஏற்றலாம், நாளைக்கு இன்னும் நல்ல கருவி வரலாம். இருவாட்சிக்கு மாற்று இடம் இல்லை. கட்டித்தான் ஆக வேண்டுமென்றால், ஒரு அத்தி மரத்தை வெட்டுமுன்பும், ஒரு பாதை போடுமுன்பும், பொந்துக்குள் அடைபட்டுக் காத்திருக்கும் அந்தத் தாயை ஒரு கணம் நினைக்கட்டும். அவளுக்கு ஓட்டுரிமை இல்லை, நமக்கு இருக்கிறது.