துணைவரின் கடவுச்சீட்டு விசா ஆகாது

பிரிட்டிஷ் குடிமகனை மணந்து, லண்டனின் லூயிஷாமில் வதிவிட அனுமதியுடன் வாழும் இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டாளர், கணவருடன் சேர்ந்து பாரிஸுக்கு விடுமுறை செல்ல விசா தேவையில்லை என்று பலர் வாதிடுகின்றனர். இவ்வாதம் எந்தப் படியிலும் நிற்காது.

1. விசாத் தேவையைத் தீர்மானிப்பது பயணியின் சொந்தக் குடியுரிமை. பிரிட்டன் வழங்கிய வதிவிட அனுமதி பிரிட்டனுக்குள் வாழும் உரிமையை மட்டுமே தருவதால், பிரான்ஸ் அதற்கு ஏன் கட்டுப்பட வேண்டும்?

2. முன்பு சிலர் விசாவின்றிச் சென்றது உண்மையே. ஆனால் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களின் குடும்பத்தினருக்கு ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டுப் பணிப்புரை அளித்த அச்சலுகை, பிரெக்சிட் இடைக்காலம் 2020 டிசம்பர் 31இல் முடிந்ததும் பிரிட்டிஷ் குடிமக்களுடன் விடுமுறை செல்லும் துணைவருக்கு இல்லாது போயிற்று.

3. ஐரிஷ் குடிமகனின் மனைவி கட்டணமின்றி ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான குறுகியகால அனுமதி, பெறுகிறார் என்பது எதிர்ச்சான்று ஆகுமா? அயர்லாந்து இன்றும் ஒன்றியத்தில் இருக்கிறது; பிரிட்டன் இல்லை.

4. பிரெஞ்சு எல்லைக் காவலர் யூரோஸ்டார் ரயில் பயணியரை லண்டன் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்திலேயே சோதிப்பதால், இந்தத் தவறான நம்பிக்கைக்கு விலை கொடுப்பவர் வாதிட்டவர் அல்லர். பிள்ளைகளின் முன்னிலையில் திருப்பி அனுப்பப்படும் மனைவியே.

ஆகவே 90 யூரோ கட்டணமும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் கொண்ட ஷெங்கன் விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்குக் குறைந்தது 15 நாள் முன்பே அளிப்பதுதான் சட்டம் கோரும் வழி.