வேலை பார்த்துக்கொண்டே எம்.பி.ஏ.



இம்மாதம் எடுத்துக்கொண்டது மன்னார்த் தீவிலிருந்து வந்த கடிதம். எழுதிய சகோதரி ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறார். பட்டதாரி. இரண்டு பிள்ளைகள். கணவர் கத்தாரில். "எம்.பி.ஏ. படிக்க ஆசை. மூன்று விளம்பரங்கள் கையில் உள்ளன. ஒன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரு வருடத்தில் முடிவது, ஒன்று கொழும்பில் வார இறுதி வகுப்பு, ஒன்று யாழ்ப்பாணத்தில். எதில் சேரலாம்? உம்மா, 'இந்த வயதில் இது எதற்கு?' என்கிறார்" என்று கேட்டிருக்கிறார். பெயர் வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறார். ஆனால் கேள்வி அவருடையது மட்டுமல்ல. ஆசிரியை, தாதி, வங்கி ஊழியர், தொண்டு நிறுவன அலுவலர் என்று உங்களில் பலருக்கும் இது பொருந்தும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

உம்மாவின் கேள்வியைச் சகோதரி சலிப்போடு எழுதியிருக்கிறார். எனக்கென்னவோ மூன்று விளம்பரங்களையும்விட அந்தக் கேள்விதான் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. எதற்கு? அதற்குப் பதில் தெரிந்தால்தான் மற்றதெல்லாம் தெளியும்.

அரசாங்க சேவையிலேயே தொடர்ந்து மேலே போவது நோக்கமானால், முதலில் உங்கள் சேவைப் பிரமாணக் குறிப்பை எடுத்துப் படியுங்கள். எந்தத் தரத்துக்கு எந்தத் தகைமை வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது, விளம்பரத்தில் இல்லை. இலங்கை நிர்வாக சேவைக்குள் போக விருப்பமென்றால் எம்.பி.ஏ. அதற்கு வழியல்ல. போட்டிப் பரீட்சைதான் வழி. ஏற்கெனவே சேவையில் இருப்பவர்களுக்கென்று மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சையும் நடத்துகிறார்கள். இரண்டு வருடத்தையும் பல இலட்சம் ரூபாயையும் எம்.பி.ஏ.யில் போட்டுவிட்டு, "பரீட்சைக்குப் படிக்க நேரமில்லாமல் போயிற்றே" என்று வருந்துவதில் அர்த்தமில்லை. முதுமாணிப் பட்டமும் வேண்டும், அரச வேலையும் தொடரும் என்றால், பொது நிர்வாக முதுமாணி, பொது முகாமைத்துவ முதுமாணி என்று வேறு கற்கைநெறிகள் இருக்கின்றன. கொழும்பிலுள்ள இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவனம் அரச அலுவலர்களுக்காகவே இப்படி ஒன்றை நடத்துகிறது. எம்.பி.ஏ. என்ற மூன்று எழுத்தின் கவர்ச்சியில் இவற்றைப் பலரும் பார்ப்பதேயில்லை.

மாறாக, தொண்டு நிறுவனத்துக்கோ தனியார் துறைக்கோ போகும் எண்ணம் இருந்தால், அல்லது குடும்பத்தின் மீன் வியாபாரத்தையோ கடையையோ பெரிதாக்கும் எண்ணம் இருந்தால், எம்.பி.ஏ. பொருத்தமே. மன்னாரும் முன்போல் இல்லை. 2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் 'தம்பபவனி' காற்றாலைகள் முப்பது எழுந்தன, மொத்தம் 103.5 மெகாவாட். அதனால் கரையோர மீனவர்களுக்கு என்ன நன்மை, என்ன தீமை என்ற வாதம் ஒருபுறம் நடக்கட்டும். கணக்கும் திட்டமும் தெரிந்த ஆள் உள்ளூரிலேயே இருக்க வேண்டும் என்பது இப்படியான வேலைகள் வரும்போதுதான் விளங்குகிறது.

வேலை பார்ப்போருக்கான இந்த 'நிறைவேற்று எம்.பி.ஏ.' எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1943-ல், யுத்த காலத்தில், அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகம்தான் இதை முதன்முதலில் தொடங்கியது. ஏற்கெனவே நிறுவனங்களில் பொறுப்பு வகிப்பவர்கள் வேலையை விடாமல் படிக்க வேண்டும் என்பது நோக்கம். இதில் விரிவுரையாளர் சொல்லித் தருவது ஒரு பாதி, பக்கத்து மேசைக்காரரின் அனுபவம் மறுபாதி. ஆகவே ஒரு கற்கைநெறியைப் பற்றி விசாரிக்கும்போது, "என்னோடு படிக்கப் போகிறவர்கள் யார்?" என்று கட்டாயம் கேளுங்கள். இலண்டனில் 1967-ல் அமைந்த எம்.பி.ஏ. சங்கம், மூன்று வருட வேலை அனுபவம் இல்லாதோரைச் சேர்க்கும் எம்.பி.ஏ.க்கு அங்கீகாரம் தருவதில்லை. நேற்றுப் பட்டம் முடித்த பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் பத்து வருட அனுபவத்தோடு நீங்கள் போய் உட்கார்ந்தால் அவர்கள் உங்களிடம் கற்பார்கள். நீங்கள் யாரிடம் கற்பது?

இனி அந்த ஒரு வருட விளம்பரத்துக்கு வருவோம். இங்கே சற்று நின்று கணக்குப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் இலங்கைத் தகைமைகள் சட்டகம் என்று ஒன்று உண்டு. 2012-ல் வந்தது, 2015-ல் திருத்தினார்கள். அதில் பட்டங்களுக்குப் படிநிலை எண்கள் உள்ளன. முதுமாணிப் பட்டம் இரண்டு படிநிலைகளில் வரும். பாடங்களால் மட்டும் முடிவது 9-ஆம் நிலை, அதற்கு 30 திறமைப் புள்ளிகள். பாடங்களோடு ஆய்வும் சேர்ந்தது 10-ஆம் நிலை, அதற்கு 60 புள்ளிகள். ஒரு புள்ளி என்பது 50 மணி நேரப் படிப்பு. வகுப்பு, வாசிப்பு, ஒப்படை, பரீட்சை எல்லாம் அதற்குள் அடக்கம்.

30 புள்ளி என்றால் 1500 மணி நேரம். இதை ஒரு வருடத்தில் முடிப்பதென்றால் வாரத்துக்கு ஏறக்குறைய 29 மணி நேரம். கந்தோர் வேலை முடித்து, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் பார்த்து, சமைத்து, அதற்குப் பிறகு நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், வெள்ளி ஞாயிறு விடாமல்! இரண்டு வருடத்துக்குப் பரப்பினால் நாளுக்கு இரண்டு மணி நேரம். அது முடியக்கூடிய காரியம். 60 புள்ளிப் பட்டத்துக்கு இரண்டு வருடத்திலும் வாரம் 29 மணி நேரம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். "வாரத்துக்கு ஐந்து மணி நேரம் போதும், ஒரு வருடத்தில் பட்டம்" என்று யாராவது சொன்னால், பெருக்கிப் பாருங்கள். 260 மணி நேரம் வருகிறது. மீதி 1240 மணி நேரம் எங்கே என்று அவர்களிடமே கேளுங்கள்.

வெளிநாட்டுப் பட்டம் எல்லாம் போலி என்று நான் சொல்லவில்லை. நல்லவையும் உண்டு. ஆனால் இரண்டு விஷயம். அரச வேலையில் இருப்பவருக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்த பல்கலைக்கழகத்தின் பட்டம்தான் கைகொடுக்கும். பணம் கட்டும் முன் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டுப் பதிலை வாங்கி வையுங்கள். வகுப்பு நடத்தும் கொழும்பு நிறுவனத்தின் பெயரை அல்ல, பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது, கட்டணம் எந்த நாணயத்தில்? 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. அந்த வருடம் பவுணிலும் டொலரிலும் தவணை கட்டிக்கொண்டிருந்தவர்களின் வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கணவர் ரியாலில் அனுப்புவதால் உங்களுக்கு அந்த அடி சற்றுக் குறையலாம். ஆனால் கணவரின் வேலை ஒப்பந்தம் பட்டம் முடியும்வரை நீடிக்குமா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கொழும்பு விளம்பரம். தரத்தில் குறையில்லை. ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்டப்பின் முகாமைத்துவ நிறுவனம் 1986 முதல் இதே வேலையைச் செய்துவருகிறது. கொழும்பு, மொறட்டுவைப் பல்கலைக்கழகங்களிலும் எம்.பி.ஏ. உண்டு. மன்னாரிலிருந்து போவோருக்குச் சிக்கல் தூரம்தான். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். வெள்ளி இரவு பஸ் ஏறி, ஞாயிறு இரவு திரும்ப ஏறி, திங்கள் காலை நேரே கந்தோருக்கு. போக வரப் பதினைந்து மணி நேரம் என்று வைத்தால், அறுபது வார இறுதிகளுக்கு 900 மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும். மேலே சொன்ன 1500-ல் பாதிக்கும் மேல்! இளம் பையன்களுக்குப் பரவாயில்லை. இரண்டு குழந்தைகளின் தாய்க்கு அது இரண்டு வருடம் பிள்ளைகளோடு ஒரு விடுமுறை நாள்கூட இல்லை என்று பொருள்.

ஆனால் நம் மன்னார் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரு விசேஷ நிலைமை உண்டு. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது நம் மக்களில் பெரும்பகுதியினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் போய் ஒதுங்கினார்கள். யுத்தம் முடிந்து 2009-க்குப் பின் பலர் ஊர் திரும்பினாலும், பாதிக் குடும்பம் இங்கே, பாதிக் குடும்பம் அங்கே என்றுதான் இன்றும் பல வீடுகள் இருக்கின்றன. புத்தளத்தில் உம்மாவோ சகோதரியோ இருந்து, உங்களுக்கும் அங்கே இடமாற்றம் கிடைக்குமானால், கொழும்பு அவ்வளவு தூரமில்லை. பிள்ளைகளைப் பார்க்கவும் ஆள் உண்டு. பிரிந்து கிடப்பது கஷ்டம்தான். அதிலும் ஒரு வசதி இருந்தால் பயன்படுத்திக்கொள்வதில் வெட்கமென்ன?

யாழ்ப்பாணத்தை நான் இரண்டாவதாக அல்ல, முதலாவதாகவே யோசிப்பேன். சங்குப்பிட்டிப் பாலம் 2011-ல் திறந்த பிறகு பூநகரி வழியே மூன்று மணி நேரமளவில் போய்விடலாம். சனிக்கிழமை விடியற்காலையில் போய் இரவு வீட்டுக்கு வந்துவிடலாம், பிள்ளைகளுக்கு ஞாயிறு மிஞ்சும். அங்கு வருவோர் வடக்கின் வங்கிகளிலும் திணைக்களங்களிலும் வேலை பார்ப்பவர்கள். நாளை நீங்கள் தொலைபேசியில் பேசப்போவதும் அவர்களோடுதான். கிழக்கிலுள்ள சகோதரிகளுக்கு ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் எம்.பி.ஏ. இருக்கிறது. மன்னார் வீதியில் பம்பைமடுவிலுள்ள வளாகம் 2021 ஆகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகமாகிவிட்டது. அங்கே உங்களுக்கேற்ற பட்டப்பின் கற்கை அழைக்கப்படுகிறதா என்று ஒவ்வொரு வருடமும் அறிவித்தலைப் பாருங்கள், அதைவிடக் கிட்ட வேறில்லை.

சகோதரியின் கையில் இல்லாத நான்காவது விளம்பரம் ஒன்றும் உண்டு. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் பொதுநலவாய நிறைவேற்று எம்.பி.ஏ. கனடாவிலிருந்து இயங்கும் பொதுநலவாயக் கல்வி அமைப்பின் உதவியோடு தெற்காசியாவின் திறந்த பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வடிவமைத்தது. தொலைக்கல்வி முறை. பயணம் குறையும். ஆனால் தொலைக்கல்வியில் வகுப்பு நேரம்தான் குறைகிறது, படிக்கும் நேரம் குறைவதில்லை. பாயில் படுத்தபடி படிக்கலாம் என்று நினைத்துச் சேர்ந்து, முதல் ஒப்படையிலேயே நின்றுவிடுவோர் உண்டு.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எம்.பி.ஏ. பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தமிழ் மொழி மூலம் படித்தவர்கள் அஞ்ச வேண்டாம், ஆனால் ஆறு மாதம் முன்கூட்டியே தயாராக வேண்டும். ஆங்கிலப் பத்திரிகையின் வர்த்தகப் பக்கத்தைத் தினமும் ஒன்று வாசித்து, அதை ஐந்து வரியில் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். கணக்கியலும் புள்ளிவிபரமும் மறந்திருந்தால், வீட்டில் உயர்தரம் படிக்கும் தம்பி தங்கை இருக்கிறார்களா பாருங்கள், கேட்டுப் படிப்பதில் தவறில்லை.

ஆய்வுள்ள பட்டமானால் தலைப்பைத் தேடிக் கொழும்புக்குப் போக வேண்டாம். பிரதேச செயலகத்தில் உங்கள் மேசைக்கு முன்னாலேயே அது வந்து நிற்கிறது. நுண்கடன் எடுத்துத் தவித்த பெண்களின் கதை உங்களுக்குத் தெரியும். வறட்சி பாதித்த மாவட்டங்களில் அக்கடன்களை 2018-ல் அரசே பொறுப்பேற்க வேண்டி வந்தது. ஏன் அந்தக் கடன்கள் திரும்பவில்லை, எந்தச் சங்கம் மட்டும் தப்பியது என்று ஆராய உங்களைவிடத் தகுந்தவர் யார்? பேசாலைக் கருவாடும் ஆய்வுக்குரிய வியாபாரம்தான்.

பணத்துக்கு வட்டிக் கடன் வேண்டாம் என்று நினைப்பவர்கள், கட்டணத்தைத் தவணையாகக் கட்ட முடியுமா என்று பல்கலைக்கழகத்திடமே முதலில் கேளுங்கள். 2011 முதல் இயங்கிவரும் அமானா வங்கி போன்ற இடங்களில் கல்விக்கு என்ன வசதி உண்டு என்று விசாரிக்கலாம். நகையை விற்பதை மட்டும் கடைசியாக வையுங்கள். ஊரைவிட்டு வந்த நாளில் எத்தனை வீடுகளை அந்த நகை காப்பாற்றியது என்று உங்கள் உம்மாவுக்குத் தெரியும்.

சேர்வதென்று முடிவானால் இரண்டு பேரோடு முன்கூட்டியே பேசுங்கள். ஒருவர் உங்கள் மேலதிகாரி. பரீட்சைக் காலத்தில் லீவு கிடைக்குமா என்று இப்போதே கேட்பது நல்லது. மற்றவர் கணவர். வீட்டில் யார் எந்த நாளில் சமைப்பது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வகுப்பா வீடா என்பதையெல்லாம் தொலைபேசியில் ஒரு மணி நேரம் செலவழித்துப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரு வருடம் நிறுத்திவைக்க நேர்ந்தால் பல்கலைக்கழகம் என்ன செய்யும் என்பதும் முக்கியம். சில இடங்களில் பட்டப்பின் டிப்ளோமாவோடு விலகலாம். சில இடங்களில் கட்டிய பணம் போனது போனதுதான். அந்த விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கையில் கிடைத்த பிறகு முதல் தவணையைக் கட்டினால் போதும்.