வார் மாட்டாத தலைக்கவசம்: தவறு யாருடையது?

காலை ஐந்தரை மணிக்கு அப்பாவின் கப்சாய் உறுமும் சத்தம்தான் எங்கள் வீட்டுக்கு அலாரம். போன விடுமுறையில் சுங்கைப்பட்டாணிக்கு வந்திருந்தபோது, ஒரு நாள் அவரை வழியனுப்ப வாசல் வரை போனேன். தலையில் ஹெல்மெட் இருந்தது. வாரும் தாடைக்குக் கீழே மாட்டியது போலத்தான் தெரிந்தது. கேட்டைத் திறந்துவிடக் கிட்டே போன பிறகுதான் கவனித்தேன். வார் இரண்டு வளையங்களுக்குள்ளும் நுழைந்திருந்ததே தவிர, திரும்பி வரவில்லை. சும்மா செருகி விட்டிருந்தார். ஒரு விரலால் இழுத்தேன், கையோடு வந்துவிட்டது.

"என்னப்பா இது?"

"பக்கத்துலதானே வேலை. நீ போய்த் தூங்கும்மா."

நான் தூங்கப் போகவில்லை. சாலைப் பாதுகாப்புப் பிரசாரப் பதாகையில் இருப்பதையெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாரை மறுபடியும் அதே போலச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் போக்குவரத்து விதியை மதிக்காத மனிதர் அல்ல. சிவப்பு விளக்கில் யாருமே இல்லாத சந்தியிலும் நின்று போகிறவர். அதனால்தான் எனக்கு எரிச்சல் அதிகமாக இருந்தது.

அன்று மாலை அவர் சட்டைப் பொத்தானை அவிழ்க்க அம்மாவைக் கூப்பிட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவுக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு. விரல் நுனிகளில் உணர்ச்சி குறைந்துவிட்டது. வலது கை மோதிர விரல் மடங்கினால் தானாக நிமிராது. இன்னொரு கையால் பிடித்து இழுத்தால், ஒரு சொடுக்கோடு நேராகும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது அடிக்கடி வருவதுதான் என்று கிளினிக்கில் சொன்னார்களாம். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அல்லது நான் கேட்கவில்லை.

அந்த ஹெல்மெட் வந்த கதையையும் சொல்ல வேண்டும். அதற்கு முன் அப்பா வைத்திருந்தது சாதாரண ஹெல்மெட், கிளிப் வைத்தது. பழசாகி, கிளிப்பின் பல் உடைந்ததும், போன தீபாவளிக்கு அண்ணன் தன் முதல் போனஸில் ஒரு நல்ல முழுமுக ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தான். நானூறு வெள்ளிக்கு மேல். கடைக்காரர் "இதுதான் ஆகப் பலமான பூட்டு, பந்தயக்காரர்கள் போடுவது" என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. இரட்டை 'டி' வளையப் பூட்டு உண்மையிலேயே பலமானது. மோட்டார் பந்தயங்களில் அதைத்தான் நம்புகிறார்கள். உடைய அதில் எதுவும் இல்லை: இரண்டு உலோக வளையம், ஒரு வார், அவ்வளவுதான். இழுக்க இழுக்க இறுகும். ஒவ்வொரு முறையும் தாடைக்கு அளவாகப் பொருந்தும்.

ஆனால் அதை மாட்டிப் பாருங்கள். வாரை இரண்டு வளையங்களுக்குள்ளும் நுழைக்க வேண்டும். பிறகு வளையங்களைப் பிரித்து, வாரை வெளி வளையத்தின் மேலே திருப்பி, உள் வளையத்துக்குள் மட்டும் விட்டு இழுக்க வேண்டும். இவ்வளவும் தாடைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். கண்ணாடி இல்லாமல் விரல் நுனியின் உணர்வை மட்டும் வைத்துச் செய்கிற வேலை. விரல் நுனியில் உணர்வே இல்லாதவரிடம் போய் இதைக் கொடுத்திருக்கிறோம்.

நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு. படிப்பின் மீதான மரியாதைக்காக ஒரு சோதனை செய்தேன். அம்மா பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை இரண்டு ஜோடியாகப் போட்டுக்கொண்டு, மோதிர விரலைச் சுண்டு விரலோடு டேப் போட்டு ஒட்டி, அப்பாவின் ஹெல்மெட்டை மாட்டிப் பார்த்தேன். முதல் நான்கு முறையும் தோல்வி. ஐந்தாவது முறை மாட்டிவிட்டேன் என்று நினைத்தேன். அம்மா வந்து இழுத்துப் பார்த்தார், கழன்றுவிட்டது. நான் இருபது வயது, வேலைக்கு நேரமாகவில்லை, வெளியே இருட்டும் இல்லை, மழையும் இல்லை.

நம் நாட்டில் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்குத் தலைக்கவசம் கட்டாயமானது 1973இல். அன்றிலிருந்து இதைப் பற்றிய பேச்சு முழுவதும் ஒழுக்கத்தைப் பற்றியதாகவே இருக்கிறது: போடு, மாட்டு, இல்லாவிட்டால் சம்மன். அந்தப் பேச்சு தேவைதான். தலைக்கவசம் மோட்டார் சைக்கிளோட்டி இறக்கும் அபாயத்தை 42 விழுக்காடும் தலைக்காயம் படும் அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று 2008இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. ஆனால் வார் மாட்டாத ஹெல்மெட் மோதலின்போது தலையோடு இருக்காது. முதல் அடியிலேயே பறந்துவிடும். நானூறு வெள்ளி ஹெல்மெட்டானாலும் அப்படித்தான். இத்தனை முக்கியமான ஒரு செயலைச் செய்யச் சொல்கிறவர்கள், அதைச் செய்ய எவ்வளவு கடினம் என்று அளந்திருக்கிறார்களா?

இந்தக் கேள்வியோடுதான் தலைக்கவசத் தரநிலைகளைப் புரட்டினேன். பல நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாட்டு 22ஆம் எண் ஒழுங்குமுறையை வாசித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அதில் வாரின் பலத்துக்குச் சோதனை இருக்கிறது: 10 கிலோ எடையை 0.75 மீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு வாரை இழுக்கச் செய்கிறார்கள். அப்போது வார் 35 மில்லிமீட்டருக்கு மேல் இழுபடக் கூடாது. அழுத்தித் திறக்கும் கிளிப் என்றால், அந்தப் பொத்தான் சிவப்பாக இருக்க வேண்டும், பார்த்தவுடன் எப்படித் திறப்பது என்று புரிய வேண்டும். திறப்பதற்கு எவ்வளவு விசை தேவைப்படலாம் என்பதற்கும் வரம்பு உண்டு: 30 நியூட்டன். ஏறக்குறைய மூன்று கிலோ எடையைத் தூக்கும் அளவு. விபத்தில் கிடப்பவரின் ஹெல்மெட்டை யாரோ ஒருவர் விரைவாகக் கழற்ற வேண்டுமே, நியாயம்தான்.

அதே பக்கங்களில், மாட்டுவதற்கு எவ்வளவு விசை, எத்தனை கை, எத்தனை விநாடி என்று தேடினேன். கிடைக்கவில்லை. கழற்றுவது எளிதாக இருக்க வேண்டும் என்று அளந்து வைத்திருக்கிறோம். மாட்டுவது எளிதாக இருக்க வேண்டும் என்பதை ஓட்டுநரின் நல்ல மனத்துக்கு விட்டுவிட்டோம்.

நல்ல மனத்தை நம்பாத ஒரு பொறியாளரின் கதை எங்கள் வடிவமைப்புப் பாடத்தில் வரும். சுவீடனின் நில்ஸ் போலின், சாப் நிறுவனத்தில் போர் விமானிகள் அவசரத்தில் வெளியேறும் இருக்கைகளை வடிவமைத்துக்கொண்டிருந்தவர். 1958இல் வோல்வோ அவரைக் கார் பாதுகாப்புக்காக எடுத்துக்கொண்டது. விமானிகள் உயிரைக் காப்பாற்ற எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்வார்கள், ஆனால் காரில் போகிறவர்கள் ஒரு நிமிடம்கூட அசௌகரியத்தைப் பொறுக்க மாட்டார்கள் என்பது அவருடைய கணிப்பு. மக்களைத் திட்டுவதற்குப் பதில் அவர் பெல்ட்டை மாற்றினார். அதற்கு முன் பூட்டு வயிற்றின் மேல் இருந்தது. விபத்தில் அதுவே குடலைக் காயப்படுத்தும். அவர் அதை இடுப்புப் பக்கம் நகர்த்தினார். இடுப்பையும் மார்பையும் ஒரே வார் பிடிக்க, ஒரே கையால் இழுத்து, ஒரே இடத்தில் மாட்டினால் போதும். 1959இல் வோல்வோ கார்களில் வந்த அந்த மூன்று முனை பெல்ட்டின் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டார்கள். இன்று உங்கள் அப்பாவின் மைவியில் இருப்பதும் அதே யோசனைதான். ஒரே கையால் மாட்ட முடிய வேண்டும் என்பது அங்கே அலங்காரமில்லை. அதுதான் வடிவமைப்பின் நிபந்தனையே.

காருக்கு 1959இல் கிடைத்தது கப்சாய்க்கு இன்னும் நிபந்தனையாகவில்லை.

இதற்காகப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பல் வைத்த நாக்கைச் செருகினால் 'டிக் டிக்' என்று படிப்படியாக இறுகும் பூட்டு பல ஹெல்மெட்டுகளில் ஏற்கெனவே இருக்கிறது. ஜெர்மனியின் ஃபிட்லாக் நிறுவனம் காந்தம் வைத்த பக்கிள் செய்கிறது. இரண்டு முனைகளையும் கிட்டே கொண்டுபோனால் காந்தம் இழுத்துச் சேர்த்துவிடும். பாரத்தைத் தாங்குவது காந்தம் இல்லை, உள்ளே இருக்கும் கொக்கி. காந்தம் செய்வதெல்லாம் உணர்ச்சியற்ற விரலுக்கு வழிகாட்டுவது மட்டும்தான். எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்திருக்கிறது. (பக்கிளுக்கு நல்ல தமிழ்ச் சொல் என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். "கிளிப்பு" என்றார். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்த எனக்கும் வேறு சொல் வரவில்லை.)

நான் சொல்வதில் ஓட்டைகள் இருக்கின்றன, தெரியும். எங்கள் வளாகத்தில் பத்து விரலும் பியானோ வாசிக்கும் அளவுக்கு நன்றாக இருப்பவர்களே வாரைத் தோளில் பறக்க விட்டுக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்குக் காந்தம் வைத்தாலும் மாட்ட மாட்டார்கள். எளிய கிளிப்புக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. 'டி' வளையம் ஒவ்வொரு முறையும் புதிதாக இறுகும். கிளிப்பில் வாரின் நீளத்தை ஒரு முறை சரிசெய்தால் அப்படியே இருக்கும். பலர் கடையில் வந்த நீளத்திலேயே விட்டுவிடுகிறார்கள். சத்தம் கேட்டது, மாட்டியாகிவிட்டது என்று திருப்தி. ஆனால் வாருக்கும் தாடைக்கும் நடுவே கையே போகும் அளவு இடைவெளி. அது மாட்டாததற்குக் கொஞ்சம்தான் மேல். மலிவான பிளாஸ்டிக் கிளிப் வெயிலில் காய்ந்து பல் தேய்வதையும் எங்கள் வீட்டிலேயே பார்த்தோம்.

ஆனாலும், மாட்ட விரும்பாதவரையும் மாட்ட முடியாதவரையும் ஒரே சம்மனால் திருத்தப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஏறக்குறைய ஐவரில் ஒருவர். இந்தியர்களிடையே அது மற்ற இனங்களைவிட அதிகம். அதே நம் மக்களில் எத்தனையோ பேர் விடியற்காலையில் மோட்டாரில் வேலைக்குப் போகிறார்கள். காவலாளி, துப்புரவுப் பணியாளர், தொழிற்சாலை ஷிப்ட் தொழிலாளி. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். அவருக்கு ஹெல்மெட் வாங்கிக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், கடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். விலையையும் சிரிம் முத்திரையையும் பார்த்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு அவரையே ஒரு முறை மாட்டச் சொல்லுங்கள். அண்ணன் செய்யாமல் விட்டது அதைத்தான்.

தயாரிப்பாளர்களுக்கு இதெல்லாம் கேட்குமா என்று சிரிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் மேத்யூ வால்சர் என்ற 16 வயது மாணவர், மூளை முடக்குவாதத்தால் தன் காலணிக் கயிற்றைத் தானே கட்ட முடியவில்லை என்று 2012இல் நைக்கி நிறுவனத்துக்கு எழுதினார். கல்லூரிக்குப் போன பிறகும் அம்மாதான் கயிறு கட்டிவிட வேண்டுமா என்பது அவர் கவலை. 2015இல் ஒரு கையால் மாட்டும் ஃபிளைஈஸ் காலணி விற்பனைக்கு வந்தது.

நம் நாட்டில் தலைக்கவசத்துக்கான தரநிலையின் எண் எம்.எஸ். 1. பட்டியலின் முதல் எண்ணே அதுதான். மலேசியத் தரநிலைகள் திருத்தப்படும்போது வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு விடுவது வழக்கம். அந்த நாளுக்காகக் காத்திருக்காமல் இப்போதே ஒரு பக்கக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கேட்பது ஒன்றுதான்: திறப்பதற்கு ஓர் எண் இருப்பது போல மாட்டுவதற்கும் ஓர் எண் வேண்டும். கையுறை போட்ட கையால், பார்க்காமல், இத்தனை விநாடிக்குள். அந்த எண் என்னவாக இருக்க வேண்டும் என்று கைச் சிகிச்சை நிபுணர்களும் ஓட்டுநர்களும் சேர்ந்து முடிவு செய்யட்டும். என் இறுதியாண்டுத் திட்டத்துக்கு இதையே எடுக்கலாமா என்று விரிவுரையாளரிடம் கேட்டிருக்கிறேன். "பக்கிளா?" என்றார். இன்னும் பதில் வரவில்லை.

அண்ணன் முதலில் கோபித்துக்கொண்டான். பிறகு அவனே அப்பாவைக் கடைக்கு அழைத்துப் போய், பல் வைத்த உலோகப் பூட்டுள்ள ஹெல்மெட் ஒன்றை 150 வெள்ளிக்கு வாங்கினான். நானூறு வெள்ளி ஹெல்மெட்டை இப்போது அவன் போடுகிறான். அப்பாவின் வார் நீளத்தை நான்தான் சரிசெய்தேன், தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் போகும் அளவுக்கு. "கழுத்தை நெரிக்குது" என்று ஒரு வாரம் முணுமுணுத்தார். விடுமுறை முடியும் வரை தினமும் ஐந்தரை மணிக்கு, இன்ஜின் சத்தத்துக்கு முன்னால் வரும் 'டிக்' சத்தத்துக்காகக் காது கொடுத்துப் படுத்திருந்தேன். இரண்டு நாள் கேட்கவில்லை. ஓடிப்போய்க் கேட்டதற்கு, "மாட்டிக்கிட்டுத்தான் வெளியவே வந்தேன்" என்றார். இழுத்துப் பார்த்தேன். கழலவில்லை.