பெயர்வெளிக்கு முகவரி கொடுப்பது யார்?

வேர்டில் அடித்த டாக்எக்ஸ் கோப்பு ஒன்றை எடுத்து, பெயரின் வாலை மட்டும் ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்து பாருங்கள். (அசைன்மென்ட் கோப்பாக இருந்தால் முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்வது நல்லது!) உள்ளே இருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பின் தலைமாட்டில், இணைய முகவரி போலவே தோன்றும் வரிகள் வரிசையாக நிற்கும். அவற்றில் ஒன்றில் ‘ஓபன்எக்ஸ்எம்எல்ஃபார்மேட்ஸ்’ என்ற டொமைனும் 2006 என்ற ஆண்டும் இருக்கும். பெரும்பாலான டாக்எக்ஸ் கோப்புகளில் இதே வரிதான். ஆனால் கோப்பைத் திறக்க வேர்டு அந்த முகவரிக்குப் போவதில்லை. இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டாலும் கோப்பு சமர்த்தாகத் திறக்கும். முகவரி வேஷம் போட்டிருந்தாலும் அது வெறும் பெயர்தான்.

எதற்கு இந்த வேஷம்? ஒரு கல்லூரியின் தரவில் ‘பட்டம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பொம்மைக் கடையின் தரவிலும் ‘பட்டம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஒன்று பி.எஸ்சி., மற்றது வாலும் நூலும் கட்டிப் பறக்கவிடுவது. மனிதர்களுக்கு இடம் பார்த்துப் புரிந்துவிடும், கணினிக்குப் புரியாது. இரண்டு தரவையும் ஒன்றாகக் கொட்டினால் குழப்பம்தான். இதற்கு டபிள்யூ3சி 1999 ஜனவரியில் ஒரு வழி சொன்னது: ஒவ்வொரு சொல்தொகுதிக்கும் முன்னால் ஓர் இணைய முகவரியை ஒட்டிவிடுங்கள். டொமைன் பெயர் ஒருவரிடம் இருந்தால் அதே சமயத்தில் இன்னொருவரிடம் இருக்காது. ஆகவே பெயர் மோதாமல் பார்த்துக்கொள்ளப் புதிதாக ஓர் அலுவலகம் திறக்க வேண்டியதில்லை.

கெட்டிக்காரத்தனமான யோசனைதான். ஆனால் கூடவே இரண்டு தலைவலிகளும் வந்தன. முகவரி மாதிரி இருப்பதைக் கண்டால் நிரல்கள் போய்க் கதவைத் தட்டும். 2008-ல் டபிள்யூ3சி-யே புலம்பியது: எச்டிஎம்எல் பக்கங்களின் தலையில் அடையாளத்துக்காக எழுதி வைத்த டிடிடி கோப்புகளைக் கேட்டு ஒரு நாளைக்கு 13 கோடி முறை வரை அதன் வழங்கியைத் தட்டினார்களாம். வருடக்கணக்கில் மாறாத கோப்பு. ஒரு தடவை வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது தலைவலிதான் பெரியது. டொமைன் என்பது சொந்த வீடு கிடையாது, வாடகை வீடு. பணம் கட்ட மறந்தால் வேறு யாரோ குடிவந்துவிடுவார்கள். ஆயிரக்கணக்கான தரவுக் கோப்புகளில் ‘இந்தச் சொல்லின் பொருள் இங்கே இருக்கிறது’ என்று எழுதியிருக்க, அந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம் ஓடினால் எப்படி இருக்கும்? நாடே போய்விட்டாலும் இதே கதைதான். யூகோஸ்லாவியாவின் ‘.யூ’ 2010-ல் மொத்தமாக அணைக்கப்பட்டது. அதன் கீழ் இருந்த பெயர்கள் எல்லாமே அதோடு போயின.

ஃபோஃப் என்ற சொல்தொகுதியைப் பாருங்கள். ஆட்களையும் அவர்களுடைய நண்பர்களையும் தரவாக எழுத டான் பிரிக்லி, லிபி மில்லர் இருவரும் 2000-ல் தொடங்கியது. அதன் முகவரி ‘எக்ஸ்எம்எல்என்எஸ்.காம்’ என்ற தனி டொமைனில் இருக்கிறது, கடைசியில் 0.1 என்ற பதிப்பு எண்ணோடு. விவரக்குறிப்பு வளர்ந்து 2014-ல் 0.99 வரை வந்துவிட்டது. முகவரி மட்டும் அதே 0.1! மாற்ற முடியாது. மாற்றினால் பழைய தரவு எல்லாம் வேறு மொழி பேசுவதாக ஆகிவிடும். வளர்ந்த பிள்ளையை ஊரே ‘பாப்பா’ என்று கூப்பிடுவது போலத்தான். பதிப்பு எண்ணை முகவரியில் வைக்கவே கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. தனியார் டொமைனை நம்புவது ஆபத்து என்று ஃபோஃப்காரர்களுக்கும் தெரிந்திருந்தது. 2011-ல் டப்ளின் கோர் அமைப்போடு, பெயர்வெளியைக் காப்பாற்ற ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

டப்ளின் கோர் நூலகக்காரர்களின் பிள்ளை. (டப்ளின் என்றதும் அயர்லாந்துக்குப் போய்விட வேண்டாம், இது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் ஊர்.) அவர்களும் முதலில் 1.1 என்று எண் போட்டார்கள். பிறகு எண்ணே இல்லாமல் ‘டேர்ம்ஸ்’ என்று இன்னொரு பெயர்வெளி வைத்தார்கள். பலன், ‘தலைப்பு’ என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு முகவரிகள், இரண்டும் புழக்கத்தில். ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களைப் பாராட்ட வேண்டும். சொந்த டொமைனில் பெயர் வைக்காமல், ‘பர்ல்’ என்ற நிரந்தர முகவரிச் சேவையின் கீழ் வைத்தார்கள். 1990களில் அதை ஆரம்பித்த ஓசிஎல்சி என்ற நூலக அமைப்பு 2016-ல் அதை இன்டர்நெட் ஆர்கைவிடம் ஒப்படைத்தது. நடத்துகிறவர் மாறினார், தரவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. முகவரியின் அழகைவிட அதை யார் கையில் கொடுத்திருக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று சொல்வது இதனால்தான். ஆர்வக்கோளாறில் டொமைன் வாங்குகிற தனி ஆளைவிட, பாதுகாப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் மேல்.

அரசாங்கங்களுக்கு இது இன்னும் பொருந்தும். பிரிட்டனில் கல்வித்துறையின் பெயர் 2007-ல் ஒரு தடவை மாறியது, 2010-ல் மறுபடியும் மாறியது. துறைப் பெயரை முகவரியில் வைத்திருந்தால் தேர்தலுக்குத் தேர்தல் சொல்தொகுதியும் கட்சி மாறியிருக்கும் :) அங்கே 2009-ல் எழுதிய வழிகாட்டி, துறைப் பெயர் வேண்டாம், ‘கல்வி’, ‘போக்குவரத்து’ என்று விஷயத்தின் பெயரை வையுங்கள் என்றது. ஆட்சி மாறினாலும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம்தானே.

எழுத்து விஷயத்திலும் கறார் தேவை. பெயர்வெளிகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத்தான் ஒன்றா வேறா என்று முடிவு செய்கிறார்கள். எச்டிடிபி வேறு, எச்டிடிபிஎஸ் வேறு. கூகுள், யாஹூ, பிங் சேர்ந்து 2011-ல் தொடங்கிய ஸ்கீமா.ஆர்க்கின் சொற்கள் இன்று இரண்டு விதமாகவும் எழுதப்படுகின்றன. இரண்டும் சரி என்று அவர்களே சொல்லிவிட்டதால், தரவைப் படிக்கிறவர் தலையில்தான் அந்தச் சுமை. விக்கித்தரவு மாறவில்லை. தளம் எச்டிடிபிஎஸ்-க்குப் போன பின்னும், தமிழ் மொழிக்கான க்யூ5885 உட்பட எல்லாப் பெயர்களும் பழைய எச்டிடிபி-யிலேயே இருக்கின்றன. பார்க்கப் பத்தாம்பசலித்தனம், ஆனால் அதுதான் சரி.

ப்ராஜெக்ட்டுக்காக ஒரு சொல்தொகுதி செய்கிறவர்கள் கல்லூரி வழங்கியில் தங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு அதையே பெயர்வெளியாக்குவது வழக்கம். படிப்பு முடிந்ததும் கணக்கு மூடப்படும், பெயர்வெளியும் அனாதையாகும். 2013-ல் தொடங்கிய ‘டபிள்யூ3ஐடி’ என்ற சேவையில் காசில்லாமல் ஒரு பெயரைக் கேட்டு வாங்கலாம். கோப்பு நாளைக்கு எங்கே போனாலும் அங்கே ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

பெயர் சுமாராக அமைந்துவிட்டால்? அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். படக் கோப்புகளுக்குள் விவரம் எழுத அடோபி செய்த எக்ஸ்எம்பி முறைக்கு முதலில் வைத்திருந்த பெயர் ‘எக்ஸ்ஏபி’. அந்தப் பெயரை அவர்கள் கைவிட்டு இருபது வருடங்களுக்கு மேலாகிறது. ஆனாலும் அதன் அடிப்படைப் பெயர்வெளியின் முகவரியில் எக்ஸ்ஏபி என்ற அந்த மூன்று எழுத்துகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஃபோட்டோஷாப்பில் சேமித்த படத்தைத் தோண்டிப் பார்த்தால் கிடைக்கும்.