வண்டி மலிவுதான், தீனி?

புதுக்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் ஊரோடு நிறுத்திக்கொள்கிறேன். அவருடைய கணவருக்கு வெகு நாளாக ஒரு பெரிய வண்டியின் மேல் கண். புதிதாக இருந்தபோது அரைக் கோடிக்கு மேல் விலை போன சொகுசு எஸ்.யு.வி. ஒன்று இப்போது பன்னிரண்டு லட்சத்துக்கு வந்திருக்கிறதாம். டீசல் வண்டி, டில்லிப் பதிவு, வயது ஒன்பது, ஓடியிருப்பது 1,46,000 கிலோமீட்டர். கையில் மூன்று லட்சம் இருக்கிறது, மீதி ஒன்பதுக்குக் கடன். "உன் பேரிலேயே வாங்கிவிடலாம்" என்று சர்க்கரை தடவி வேறு சொல்லியிருக்கிறார். பெண் அடுத்த வருஷம் கல்லூரிக்குப் போகிறாள். "வேண்டாம் என்றால் கஞ்சம் என்பார். சரி என்றால் பிற்பாடு நான்தான் கண்ணைக் கசக்க வேண்டும். என்ன சொல்லட்டும்?" என்று கேட்கிறார்.

முதலில் ஒரு விஷயத்தில் அவர் கணவருக்கு நியாயம் செய்துவிடுகிறேன். 1,46,000 என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. ஒன்பது வருஷத்தில் அது வருஷத்துக்குப் பதினாறாயிரம் சொச்சம்தான். ஒழுங்காக எண்ணெய் மாற்றிப் பராமரித்த டீசல் இஞ்சின் இரண்டு லட்சம், இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடுவது அதிசயமே இல்லை. நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடிய வண்டி, கடைத்தெருவில் நின்று நின்று ஓடிய வண்டியைவிடக் குறைவாகவே தேய்ந்திருக்கும். ஒன்பது வயதில் "நாற்பதாயிரம்தான் ஓடியது" என்று ஒருவர் சொன்னால் அங்கேதான் அதிக ஜாக்கிரதை வேண்டும். மீட்டரைத் திருப்பி வைப்பது இந்தத் தொழிலில் பழைய வித்தை. பிரேக் மிதியின் ரப்பரும், ஸ்டியரிங் வளையத்தின் தோலும், ஓட்டுபவர் ஆசனத்தின் ஓரமும் பொய் சொல்லத் தெரியாதவை. நாற்பதாயிரம் ஓடிய வண்டியில் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்குமா, நீங்களே சொல்லுங்கள்!

சரி, அரைக் கோடி வண்டி பன்னிரண்டு லட்சத்துக்கு ஏன் வருகிறது? டில்லியில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025-ல் உச்ச நீதிமன்றமே சில தளர்வுகள் செய்தது என்றாலும், பல வருஷங்களாக டில்லி டீசல் வண்டிகள் தெற்கே மலிவாக வந்து இறங்கியதற்கு மூலகாரணம் இதுதான். எனவே விலை மலிவு என்பதாலேயே வண்டியில் கோளாறு என்று அர்த்தமில்லை.

ஆனால் டில்லி விலை புதுக்கோட்டை விலை ஆகாது. அங்கேயுள்ள பதிவு அலுவலகத்திலிருந்து ஆட்சேபணையில்லாச் சான்று, அதாவது 28-ஆம் படிவம், வர வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்துக்கொள்வதானால் புதுப் பதிவு எண் வாங்க வேண்டும் என்பது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். டி.என். 55 என்ற எண் பலகை மாட்டுவதற்கு முன் தமிழ்நாட்டுக்கு ஆயுள் வரி கட்டியாக வேண்டும். இந்த வரியை நீங்கள் கொடுத்த பன்னிரண்டு லட்சத்தை வைத்துப் போட மாட்டார்கள். வண்டி புதிதாக இருந்தபோது என்ன விலை, இப்போது என்ன வயது என்றுதான் கணக்கு. அரைக் கோடி வண்டிக்கு அது லட்சக் கணக்கில் வரக்கூடும். டில்லியில் முன்பு கட்டிய வரியில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம் என்பார்கள். கேட்கலாம், புதுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு டில்லி அலுவலகத்தில் யார் நடையாய் நடப்பது?

அடுத்தது கடன். பழைய வண்டிக் கடனுக்குப் புது வண்டிக் கடனைவிட வட்டி கூடுதல். பதின்மூன்று சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது லட்சத்துக்கு ஐந்து வருஷம், மாதம் 20,500 ரூபாய் சுமார். கடைசித் தவணை கட்டும்போது ஒன்பது லட்சம் 12,28,000-க்கு மேல் ஆகியிருக்கும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுக்கிற வண்டிக்கு நூறு லிட்டர் டீசல்; லிட்டர் 92 ரூபாய் என்று போட்டாலும் 9,200. ஆக மாதம் முப்பதாயிரம், இன்ஷூரன்ஸும் ரிப்பேரும் சேராமல்! சகோதரி, இந்த எண்ணைப் பெண்ணின் கல்லூரிச் சம்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தில் எழுதி, கணவர் காப்பி குடிக்கும் நேரத்தில் மேஜை மேல் வையுங்கள். வாய் திறக்கவே வேண்டாம்.

ரிப்பேர் சமாச்சாரத்தில்தான் சொகுசு வண்டி தன் குலப் பெருமையைக் காட்டும். விலை பன்னிரண்டு லட்சமாக இறங்கினாலும், உதிரி பாகம் அரைக் கோடி வண்டியின் உதிரி பாகமாகவே இருக்கும். தானியங்கி கியர் பெட்டி எண்ணெயை ஆயுள் முழுதும் மாற்ற வேண்டாம் என்று சில கார்க் கம்பெனிகள் சொல்லிவந்தன. அந்தப் பெட்டிகளைச் செய்கிற ஜெர்மன் கம்பெனி ஜெட்.எஃப். மட்டும் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றுங்கள் என்கிறது. 1,46,000 ஓடிய வண்டியில் மாற்றியதற்குப் பில் இருக்கிறதா? இல்லையென்றால் விலையில் அது தெரிய வேண்டும்.

சில வண்டிகளில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர்ப் பைகள். ஏறி உட்கார்ந்தால் ஊஞ்சல் மாதிரி சுகம்! வயதானால் ரப்பர் வெடிக்கும், காற்றுக் கசியும். இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்கே வேண்டாம். ராத்திரி சமதளத்தில் நிறுத்தச் சொல்லி, காலையில் கோலம் போட வரும்போது பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்து கிடந்தால் விடை கிடைத்துவிட்டது. அதே காலையில், சூடு ஆறிய இஞ்சினை உங்கள் எதிரில் கிளப்பச் சொல்லுங்கள். நீலப் புகை வந்து அடங்காவிட்டால் எண்ணெய் எரிகிறது.

டீசல் புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி ஒன்று புகைக்குழாயில் உண்டு. சேர்ந்த கரியை அது தானே எரித்துக்கொள்ள, வண்டி கொஞ்ச நேரம் சூடாக, வேகமாக ஓட வேண்டும். கீழ ராஜ வீதிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் போய் வந்தால் கரி அடைத்துக்கொள்ளும். புது வடிகட்டி மிகவும் விலை. வாரத்துக்கொரு தரம் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போகிற குடும்பமானால் கவலையில்லை.

தஞ்சாவூர்ச் சாலை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ல் பஸ் விட்டது தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையேதான். சாலையில் உதிர்ந்து கிடந்த லாட ஆணிகள் டயரைக் குத்தாமலிருக்க, காந்தம் கட்டிய வண்டி ஒன்றை ஓட்டிப் பொறுக்க வைத்தார் என்று சொல்வார்கள். பஸ் வாங்கினோம், விட்டோம் என்று இராமல் ஆணிக்கும் கணக்குப் பார்த்திருக்கிறார் மனிதர்! சொகுசு வண்டிக் கம்பெனியின் பட்டறைக்குத் திருச்சி போக வேண்டுமா, மதுரையா, சென்னையா என்று முன்னதாகவே விசாரித்து வையுங்கள். நடுவழியில் நின்றால் இழுத்துப் போகிற லாரிக்கும் வாடகை உண்டு.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி இன்னொரு பயம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்று பார்த்தோமே. ஆசன பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். அடிப்பக்கம் சேற்றுக் கறை இருக்கும். ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்திலும் ஆசனத்தின் அடி இரும்பிலும் துரு தெரியும்.

இனி, "உன் பேரிலேயே" என்ற சர்க்கரை. 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வண்டி கை மாறிக் கை மாறிப் போயிருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் மட்டும் முதல்வர் பெயர் அப்படியே. விபத்து நடந்தபோது, பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று கோர்ட்டார் சொல்லிவிட்டார்கள். பேர் உங்களுடையதானால் பொறுப்பும் உங்களுடையது, சகோதரி! பிற்காலத்தில் விற்கும்போது "அவர்கள் மாற்றிக்கொள்வார்கள்" என்று 29, 30-ஆம் படிவங்களில் வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். வாங்கும்போதும், விற்கிறவர் பெயரும் பதிவுப் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டால் எத்தனையாவது உரிமையாளர், கடன் பாக்கி உண்டா, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்பது வந்துவிடும். பாங்கிக் கடன் தீர்ந்திருந்தால் 35-ஆம் படிவம் கேளுங்கள். இன்ஷூரன்ஸைப் பதினாலு நாளைக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். விற்றவருடைய 'நோ கிளெய்ம்' சலுகை அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது.

என் அபிப்பிராயம்? இந்த டில்லி வண்டி வேண்டாம். வரியும் அலைச்சலும் சேர்ந்தால் மலிவு கரைந்துவிடுகிறது. அவருக்கு ஆசை அடங்கவில்லை என்றால், தமிழ்நாட்டிலேயே பதிவாகி, முதல் நாளிலிருந்து சர்வீஸ் பில் வைத்திருக்கிற ஒருவருடைய வண்டியைப் பாருங்கள். ஒன்றரை லட்சம் ஓடியிருந்தாலும் பாதகமில்லை. கடனை ஐந்து லட்சத்துக்குள் நிறுத்தி, ரிப்பேருக்கென்று இரண்டு லட்சத்தைத் தனியாகப் பாங்கியில் போட முடிந்தால் வாங்கலாம். இரண்டு லட்சம் ஒதுக்க முடியாதென்றால் அந்த வண்டி உங்களுக்கு இன்னும் கட்டுப்படியாகவில்லை. பேரத்தின்போது இதையும் சொல்லுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்.யு.வி.க்களுக்கு வரி செஸ்ஸோடு சேர்த்து 50 சதவிகிதமாக இருந்தது 40 ஆகிவிட்டது. புதிதின் விலை இறங்கினால் பழையதும் இறங்க வேண்டாமா?

எழுத விட்டுப்போயிற்று. டயரின் பக்கவாட்டில், நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் செய்தது. நான்கு டயரிலும், ஸ்டெப்னியிலும் குனிந்து பாருங்கள். இந்த வண்டிகளுக்கு ஒரு டயரே இருபதாயிரத்தைத் தாண்டக்கூடும்.